வேலை நேரமும் விரிதாட் கணக்கும்

துறைமுகத்து வேலை கதிரவனைப் பார்த்து நடப்பதன்று. கப்பலைப் பார்த்து நடப்பது. திருகோணமலையிலும் சீனக்குடாவிலும் பண்டசாலைகள், கப்பல் முகவர் அலுவலகங்கள் முதலியவற்றில் மாலையிற் புகுந்து மறுநாள் விடியுமுன் வெளியேறுவோர் உளர். இவர்தம் வரவேட்டை முன்னாளில் எழுதுவினைஞர் விரல்மடித்துக் கூட்டினர். 1979இல் பிரிக்லின், பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய விசிகல்க் வெளிவந்தபின், அத்தொழில் படிப்படியாக விரிதாளின் பாற்பட்டது. எனினும் கணினி கூட்டியது பிழையாகாது என்று கொள்வது பேதைமை.

எக்செல் காலத்தை நாளின் பின்னமாகவே கொள்ளும் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நண்பகல் 0.5, மாலை 6 மணி 0.75, அதிகாலை 3 மணி 0.125. காலையிற் புகுந்து மாலையில் வெளியேறியவனுக்கு, வெளியேறிய நேரத்தினின்று புகுந்த நேரத்தைக் கழித்தல் போதும். மாலை 6 மணிக்குப் புகுந்து அதிகாலை 3 மணிக்கு வெளியேறிய காவலாளிக்கோ விடை மறை 0.625 ஆகும். காலவடிவிலமைந்த கலம் இதனைக் காட்டமாட்டாது வெறுங் குறிகளால் நிரம்பும். நள்ளிரவைக் கடந்தமையால் ஒரு நாளைக் கூட்டுக, 0.375 வரும். 24ஆற் பெருக்க 9 மணியாகும். உணவு இடைவேளை ஒரு மணியை நீக்க, வேதனத்துக்குரியது 8 மணி. இருவகையினர்க்கும் ஒரே சூத்திரம் வேண்டின், வித்தியாசத்தை ஒன்றால் வகுத்து மீதி காணும் 'மொட்' என்னுஞ் சார்பு அதனைச் செய்யும்.

இனி, பலரை மயக்கும் இடம் வாரக் கூட்டுத்தொகை. நாளொன்றுக்கு 9 மணியாக ஐந்து நாள் உழைத்தவனுக்கு 45 மணி வரவேண்டும். சாதாரண கால வடிவோ 21 என்று காட்டும். நிறைந்த 24 மணியை ஒரு நாளென்று ஒதுக்கி எஞ்சியதையே அது காட்டுகின்றது. உள்ளே இருப்பதோ 1.875 நாள். மணிக்கு 300 ரூபா வேதனமெனின், 24ஆற் பெருக்க மறந்தவர் 13,500 ரூபாவுக்குப் பதில் 562 ரூபா 50 சதம் எழுதுவர். இத்தகைய பெரும்பிழை கண்ணிற் படும். தொழிலாளியே வந்து கேட்பான். சிறுபிழைதான் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கும்.

அத்தகையதொன்று மேலதிக நேரக் கணக்கில் உண்டு. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என இரு வரம்புகளை விதித்து, மிகுதிக்கு ஒன்றரை மடங்கு வேதனம் கூறுகின்றது. மேற்கூறியவனது வாரத் தொகையை மட்டும் நோக்கின் மேலதிக நேரமே இல்லை. நாள்தோறும் நோக்கின் 5 மணி உண்டு. அவன் இழப்பது 750 ரூபா. ஆதலின் ஒவ்வொரு நாட்கலத்திலும் 8, உழைத்த மணி என்னும் இரண்டிற் சிறியதைச் சாதாரண நேரமாகவும் எஞ்சியதை மேலதிக நேரமாகவும் பிரித்தெழுதுக. பின்னர்ச் சாதாரண நேரங்களின் கூட்டு 45ஐ மிஞ்சினால், அம்மிகுதியை மட்டும் மேலதிக நிரலுக்கு மாற்றுக. ஆறு நாளும் 8 மணி உழைத்தவனுக்கு இவ்வழியால் 3 மணி வரும். ஒரு மணியும் இருமுறை எண்ணப்படாது.

இவ்விரு நிரல்களையும் இறுதிவரை வேறாகவே வைத்தல் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குரிய கழிவு மேலதிக நேர வேதனத்தின்மீது கணிக்கப்படுவதில்லை.