நடைபாதையில் துயில்வோர்

நகரங்களில் வாழும் மாணவர்களாகிய நீங்கள், விடியற்காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும்பொழுது, நடைபாதையில் சிலர் சுருண்டு படுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கண்டும் விலகி நடந்திருப்பீர்கள். அத்தெருவில் குடியிருப்போர் அவர்களைப் பற்றி நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ முறையீடு எழுதுவதும் உண்டு. அம்முறையீடு நியாயமானதா? அதனைப் பெறும் மன்றத்தார் என்ன செய்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

இவ்வினாக்கள் எனக்கு ஏட்டிலிருந்து எழுந்தவை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவினர் இத்தகைய மனு ஒன்றை அனுப்ப முடிவு செய்தனர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதனால், எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நடக்க இடமில்லை, தெருவோரம் அசுத்தமாகிறது, இரவில் பெண்கள் வெளியே செல்ல அஞ்சுகின்றனர், ஆகவே இவர்களை உடனே அப்புறப்படுத்துக என்று எழுதினேன். முதற் கையொப்பமும் என்னுடையதே. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபொழுது, 'அப்புறப்படுத்துக' என்னும் சொல்லில் என் கண் நின்றது. எங்கே அப்புறப்படுத்துவது? மாணாக்கன் ஒருவன் கட்டுரையில் இவ்வாறு எழுதியிருப்பின், 'விடை முழுமையன்று' என்று ஓரத்தில் குறித்திருப்பேன். அன்று மனுவை அனுப்பாமல் மடித்து வைத்தேன்.

முதலில், இவர்கள் யார்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவர்களை 'வீடற்றோர்' என வகுக்கின்றது. சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, கோயில் மண்டபம், இரயில் நிலைய மேடை முதலிய இடங்களில் வாழ்வோர் இதில் அடங்குவர். 2001ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 19.4 லட்சம் பேர் இந்நிலையில் இருந்தனர். 2011இல் அத்தொகை 17.7 லட்சமாகக் குறைந்தது. ஆனால், நகரங்களில் மட்டும் 7.8 லட்சம் 9.4 லட்சமாக உயர்ந்தது. சிற்றூர்களில் குறைந்தது, நகரங்களில் பெருகிற்று. வேலை நகரத்தில் இருக்கின்றது. அவ்வேலையின் கூலி நகரத்து வாடகைக்கு எட்டுவதில்லை. ஆகவே வேலை கிடைத்தவரும் தெருவில் படுக்க நேர்கின்றது.

அடுத்து, சட்டம் என்ன சொல்கின்றது? வீடின்றித் திரிவதையே குற்றமாகக் கருதியது பழைய முறை. நெப்போலியப் போர்கள் முடிந்தபின் இங்கிலாந்தில் வறியோர் பலர், போரிலிருந்து திரும்பிய படைவீரர் உட்பட, ஊர் ஊராக அலைந்தனர். 1824ஆம் ஆண்டில் அந்நாட்டார் இயற்றிய சட்டம், வெட்டவெளியில் உறங்குவதைத் தண்டனைக்குரியதாக்கிற்று. அதே நாட்டில் 2012ஆம் ஆண்டில், தெருவில் உறங்கும் ஒருவரைக் காண்போர் தகவல் தந்து, உதவி செய்வோரை அவரிடம் அனுப்ப வழிசெய்யும் பணி ஒன்று தொடங்கப்பெற்றது. தெருவாசி தரும் செய்தி தண்டிக்கவும் பயன்படலாம். காக்கவும் பயன்படலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நம் நாட்டில் 1981ஆம் ஆண்டில் பம்பாய் நடைபாதைவாசிகளை வெளியேற்ற அரசு முற்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1985 சூலையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு வழங்கியது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறியது. அதே தீர்ப்பு, நடைபாதை நடப்போர்க்கு உரியது. அதனை ஆக்கிரமிக்க எவர்க்கும் உரிமையில்லை என்றும் கூறியது. அகற்றுவதாயின் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. மழைக்காலம் கழியும்வரை காத்திருக்கவும் பணித்தது. இரு பக்கமும் நியாயம் உண்டு என்பதனை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

அங்ஙனமாயின் அவர்கள் எங்கே செல்வது? தில்லியில் ஓர் இரவுத் தங்குமிடம் கடுங்குளிரில் இடிக்கப்பட்ட செய்தி 2010 சனவரியில் அதே நீதிமன்றத்தின்முன் வந்தது. அதன் தொடர்ச்சியாக, பெரு நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடமேனும் வேண்டும். அஃது ஆண்டு முழுவதும், பகலும் இரவும் திறந்திருத்தல் வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. 2013இல் மத்திய அரசு வகுத்த திட்டம், தங்குவோர் ஒருவர்க்கு 50 சதுர அடி இடமும், குடிநீரும், கழிப்பறையும் வேண்டும் என விதித்தது. இன்னொன்றும் அறிக. வீடற்றவர்க்கும் வாக்குரிமை உண்டு. அவர் குறிப்பிடும் இடத்தில் உண்மையிலேயே உறங்குகின்றாரா என்பதனைத் தேர்தல் அலுவலர் இரவில் சென்று பார்த்துப் பெயரைப் பதிவு செய்வார். ஆகவே, நம் முறையீட்டைப் பெறும் மன்றத்தைத் தேர்ந்தெடுப்போருள் அவரும் ஒருவர்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், ஒருநாள் விடியுமுன் எங்கள் தெருமுனைக்குச் சென்றேன். மீன்பாடி வண்டியோட்டும் முதியவர் ஒருவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "விடுதி இருக்கிறதே, பெரியவரே, அங்கே போகலாமே?" என்றேன்.

"வண்டிய எங்கேங்க ஐயா விடறது? அதுதானே சோறு. அங்கே ஆம்பிளைக்குத் தனி எடம், பொம்பிளைக்குத் தனி எடம். எங்க வீட்டுக்காரிக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார்.

கழிப்பறை பற்றிக் கேட்டேன். தெருமுனையிலிருந்த பொதுக் கழிப்பறையைச் சுட்டினார். அதன் கதவில் பூட்டுத் தொங்கியது. அசுத்தம் என்று நான் எழுதியதன் காரணம் அந்தப் பூட்டே. நாள்தோறும் அதனைக் கடந்து நடந்தும் நான் கண்டதில்லை.

மனுவை மீண்டும் எழுதினேன். பழைய குறைகள் மூன்றையும் நீக்கவில்லை, அவை மெய்யானவை. ஒவ்வொன்றின் எதிரிலும் வேண்டுவதைக் குறித்தேன். கழிப்பறையைத் திறந்து வைத்தல், தெருமுனையில் விளக்கு, நடக்க வழி விட்டுப் படுக்கச் செய்தல், குடும்பத்தோடு தங்கவும் வண்டியை நிறுத்தவும் இசைவான விடுதி. தெருவினர் சிலர், "நீங்கள் அவர்களுக்காக வாதாடுகிறீர்கள்" என்று சினந்து கையொப்பமிட மறுத்தனர்.

விளக்கு வந்தது. கழிப்பறை சில மாதங்களுக்குப்பின் திறக்கப்பெற்றது. தனியராக இருந்த மூவர் விடுதிக்குச் சென்றனர். குடும்ப விடுதி மட்டும் கிட்டவில்லை. முதியவரும் அவர் மனைவியும் அங்கேயே உறங்குகின்றனர். நடப்போர்க்கு வழி விட்டுச் சுவரோரமாக.

மாணவர்களே, நாளை நீங்களும் மனு எழுதுவீர்கள். உங்களிற் சிலர் மனுவைப் பெறும் இடத்திலும் அமர்வீர்கள். எழுதுவோராயின், 'எங்கே?' என்னும் வினாவுக்கு விடை கூறாமல் கையொப்பமிடாதீர். பெறுவோராயின், அவ்வினாவைக் கேளாமல் ஆணையிடாதீர்.