மாமியார் வீட்டுக்கு மனைவி போனால்...

தமிழில் 'மாமியார் வீடு' என்பதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, தலை தீபாவளிக்குப் போவது. இன்னொன்றுக்கு ஜீப் வரும்! சினிமா காமெடியில் அந்த இரண்டாவதுக்கு விழுந்து விழுந்து சிரித்தவன் நான். என் மனைவி அங்கே நாலு நாள் இருந்துவிட்டு வந்த பிறகு அந்த ஜோக் மட்டும் பிடிப்பதில்லை.

அவளுக்கு ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. 1,40,000 ரூபாய் குறைந்தது. முதலாளி புகார் கொடுத்தார். மத்தியானம் 3.40க்கு எனக்கு போன்.

"என்னங்க... என்னை அரெஸ்ட் பண்ணிட்டாங்க. நான் எடுக்கலைங்க."

கல்யாணமான வாசகர்களே, அந்த நிமிஷம் உங்கள் வாயில் என்ன வந்திருக்கும்? 'நிஜமாவே எடுக்கலியா?' என்றுதானே? எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பக்கத்தில் யார் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்களோ! "எந்த ஸ்டேஷன்? சாப்பிட்டியா? படிக்காம எதிலயும் கையெழுத்துப் போடாதே" என்றேன்.

நேரே வக்கீல் வீடு. நான் அழாத குறையாக ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எடுத்தாங்களா இல்லையாங்கறது ஒரு கேஸ். பிடிச்ச முறை சரியாங்கறது வேற கேஸ். இன்னிக்கு ரெண்டாவதைப் பார்ப்போம். செல்லுல அந்த கால் வந்த நேரம் இருக்கில்ல? அழிச்சிடாதீங்க."

அழித்திருந்தால் தொலைந்தோம்!

1996ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: கைது செய்தால் தேதி, நேரம் போட்டு குறிப்பு எழுத வேண்டும், ஒரு சாட்சியாவது கையெழுத்திட வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22வது பிரிவிலேயே இருக்கிறது. எங்கள் குறிப்பில் நேரம் மாலை 5.50! ஏன் 5.50? சூரியன் மறைந்தபின் பெண்களைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கென்றால் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். (இந்த விதி கட்டாயமல்ல, வழிகாட்டுதல்தான், ஆனால் மீறிய அதிகாரி விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று 2025ல் மதுரை ஹைகோர்ட் கிளை சொல்லியிருக்கிறது.)

இன்னொன்று. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றமென்றால் எடுத்தவுடன் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடு என்றது 2014ன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு அதிகபட்சம் ஏழே வருஷம்தான். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஜாமீனே கிடைத்துவிடும்) 35வது பிரிவு அதுதான். எங்களுக்கு நோட்டீஸ் வரவில்லை. காரணம்? 'தப்பி ஓடக்கூடும்' என்று எழுதியிருந்தார்கள். ஸ்டாப்பிங் தாண்டி நிற்கிற பஸ்ஸையே ஓடிப் பிடிக்காதவள் ஸார் அவள்!

மறுநாள் 4.45க்கு கோர்ட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அவர்கள் கணக்கில் 24 மணி நேரத்துக்குள். என் செல்போன் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். ஸ்டேஷனிலிருந்து கோர்ட் பத்து நிமிஷ நடை. வக்கீல் அதை எடுத்துச் சொல்ல, மாஜிஸ்திரேட் குறித்துக்கொண்டு போலீசிடம் விளக்கம் கேட்டார். அப்படியும் ரிமாண்ட்தான். சினிமா மாதிரி அங்கேயே விடுதலை எல்லாம் கிடையாது.

அப்புறம் ஜாமீன்தாரர் வேட்டை. இரண்டு பேர் வேண்டும். ரேஷன் கார்டு, சொத்து வரி ரசீது சகிதம். 'ஜாமீன் கையெழுத்து' என்றதும் சித்தப்பாவுக்கு சுகர் ஏறியது. மச்சானுக்கு அவசரமாக டூர் வந்தது. எங்கள் கல்யாணத்தில் மொய் எழுத முன்வரிசையில் நின்ற ஒருவர் போனையே அணைத்துவிட்டார். கடைசியில் கையெழுத்துப் போட்டவர்கள் என் ஆபீஸ் பியூனும், எதிர் வீட்டு டெய்லரும்.

பெரிய தொகை கேட்டால் மலைத்துவிடாதீர்கள். 1978ல் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளினார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் கடிந்துகொண்டு, 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். வக்கீல் பீஸுக்கு வழியில்லையா? பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987 சட்டம். 15100க்குப் போன் செய்தால் போதும்.

நாலாம் நாள் ஆட்டோவில் வரும்போது கேட்டாள்: "எடுத்தியான்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலியே, ஏன்?"

"கேட்டிருந்தா?"

"இன்னிக்கு நேரா எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்." (முதல் அர்த்தத்தில், எனக்கு மாமியார் வீடு!)

குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. அதில் நாலு வவுச்சர். இரண்டில் இருக்கும் தேதி, அவள் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்த நாள். அந்த பஸ் டிக்கெட்டைத்தான் இப்போது பழைய ஹேண்ட்பேக்குகளில் தேடிக்கொண்டிருக்கிறோம். வாய்தா இந்த மாசக் கடைசியில்.