கற்றதை அளக்கும் கோல்

துணியை மீட்டரால் அளக்கிறோம். பாலை லிட்டரால் அளக்கிறோம். ஒருவர் கற்றுக்கொண்டதை எதனால் அளப்பது? இந்தக் கேள்வி ஒரு சமயம் புதுக்கோட்டை மாவட்டம் முழுவதற்கும் உரியதாக இருந்தது.

1991-ஆம் ஆண்டு அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. வயலிலும் கல் குவாரியிலும் உழைத்தவர்கள், தொண்டர்களிடம் எழுதப் படிக்கக் கற்றனர். பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று அறிவது எளிது. ஓட்டிக் காட்டச் சொன்னால் போதும். ஆனால் ஒருவருக்கு எழுத்தறிவு வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டால் போதுமா? எழுத்துகளை அறியாமலே, பெயரை ஒரு படம் போல வரையவும் பழகிக்கொள்ளலாம் அல்லவா?

இதற்கென 1988-இல் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கம் சில அளவுகளை வகுத்திருந்தது. எளிய பகுதியை நிமிடத்திற்கு 30 சொல் வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பார்த்து எழுதுவதில் நிமிடத்திற்கு 7 சொல். சொல்வதைக் கேட்டு எழுதுவதில் 5 சொல். 100 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். மூன்று இலக்கம் வரை கூட்டவும் கழிக்கவும் வேண்டும். சிறு கடிதமும் விண்ணப்பமும் தாமாக எழுத வேண்டும்.

இத்தகைய இயக்கங்களை மதிப்பிட 1990-களில் ஒரு விதியும் ஏற்கப்பட்டது. படிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் குறைந்தது 50 விழுக்காடு பெற வேண்டும். மொத்தத்தில் 70 விழுக்காடு பெற வேண்டும். ஏன் இரண்டு நிபந்தனைகள்? ஒருவர் படிப்பில் 90, எழுத்தில் 80, கணக்கில் 46 பெற்றார் என்று கொள்வோம். சராசரி 72. சராசரியை மட்டும் பார்த்தால் அவர் தேறிவிட்டார். ஆனால் தம் வாரக் கூலியைச் சரிபார்க்க அவரால் முடியுமா? அந்தக் குறையைச் சராசரி மறைத்துவிடும். முதல் நிபந்தனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

நிமிடத்திற்கு எத்தனை சொல் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். விண்ணப்பம் நன்றாக உள்ளதா என்பதை எந்தக் கருவி சொல்லும்? இங்கேதான் படிநிலை அளவுகோல் உதவுகிறது. ஆங்கிலத்தில் இதை ‘ரூப்ரிக்’ என்பர். குடிநீர்க் குழாய் கேட்டு ஊராட்சிக்கு எழுதும் மனுவை எடுத்துக்கொள்வோம்.

நிலை 1: பிறர் சொன்னால் எழுதுகிறார், தாமாக வாக்கியம் அமைக்கவில்லை.
நிலை 2: தாமாக எழுதுகிறார், கோரிக்கை என்னவென்று விளங்கவில்லை.
நிலை 3: கோரிக்கை விளங்குகிறது, தெரு, தேதி போன்ற விவரம் விடுபட்டுள்ளது.
நிலை 4: கோரிக்கை, விவரம் எல்லாம் உள்ளன, இதைக் கொண்டே அலுவலர் நடவடிக்கை எடுக்கலாம்.

எழுத்துப் பிழைக்கு இதே போல் தனி வரிசை அமைக்க வேண்டும். இரண்டையும் கலந்தால், பிழையோடு தெளிவாக எழுதியவரும் பிழையின்றிக் குழப்பமாக எழுதியவரும் ஒரே மதிப்பெண் பெற்றுவிடுவர்.

‘பத்துக்கு ஆறு’ என்னும் மதிப்பெண், அடுத்து என்ன செய்வது என்று சொல்லாது. ‘நிலை 3’ சொல்லும்: தெருவையும் தேதியையும் சேர்! ஆகவே அளவுகோலைத் தேர்வு முடிந்தபின் காட்டிப் பயனில்லை. எழுதத் தொடங்கும் முன்பே கற்பவர் கையில் அது இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

செம்பருத்தி மலரின் நீள்வெட்டுப் படத்திற்கு நான்கு நிலைகள் கொண்ட அளவுகோல் ஒன்று தயாரியுங்கள். பத்துப் பேரின் படங்களை நீங்களும் நண்பரும் தனித்தனியே மதிப்பிடுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். எட்டு, ஒன்பது படங்களில் இருவரும் ஒரே நிலையைக் குறித்திருந்தால் உங்கள் அளவுகோல் நன்று. நான்கைந்தில் மட்டுமே ஒத்துப்போனால், குறை வரைந்தவர்களிடம் இல்லை. அளவுகோலின் சொற்களில் இருக்கிறது. ‘அழகாக உள்ளது’ என்று எழுதியிருப்பீர்கள். ஒருவருக்கு அழகானது மற்றவருக்கு அழகாகத் தோன்றாமல் போகலாம். ‘புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் நான்கும் சரியான இடத்தில் குறிக்கப்பட்டுள்ளன’ என்று மாற்றுங்கள். மீண்டும் மதிப்பிட்டு, இம்முறை எத்தனை படங்களில் ஒத்துப்போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.