பாதத்துக்கு யார் பொறுப்பு?

சென்னைக்கு வடக்கே எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை செல்லும் புறநகர் ரயில் பாதையை ஒட்டி அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் இரும்பு ஆலைகளும் பெருகியிருப்பதால், பணிநேரம் முழுவதும் நின்றபடியே வேலை செய்பவர்களும், கனத்த பாதுகாப்புக் காலணிக்குள் வியர்த்த கால்களோடு உழைப்பவர்களும், வயலிலும் உப்பளத்திலும் வெறுங்காலுடன் இறங்குபவர்களும் அங்கே அருகருகே வாழ்கின்றனர். இவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்து, அது பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்து, பாதத்தின் உணர்வு நரம்புகள் சிதைந்துவிட்டால், காலணிக்குள் கிடக்கும் சிறு கல்லும் சூடான தரையும் தமக்குச் செய்யும் தீங்கை அவரால் உணர முடியாது. முதலில் கால் மதமதக்கிறது. பிறகு ஆணி போலத் தோல் தடிக்கிறது. அந்தத் தடிப்புக்கு அடியிலேயே குழிப்புண் உருவாகி, வலி இல்லாத காரணத்தால் கவனிக்கப்படாமல் ஆழமாகிறது.

அந்தப் புண்ணுடன் மருத்துவமனைக்கு வருபவரின் கால் ஒன்றுதான் என்றாலும், அதைப் பார்க்க வேண்டிய துறைகள் பலவாகப் பிரிந்து கிடக்கின்றன. சர்க்கரை அளவைப் பொதுமருத்துவர் அல்லது நீரிழிவு மருத்துவரும், சீழை வெளியேற்றுவதைப் பொது அறுவை மருத்துவரும், எலும்பை எலும்பியல் மருத்துவரும், இரத்த ஓட்டத்தை இரத்தக்குழாய் நிபுணரும், தோல் மூடுவதை ஒட்டுறுப்பு அறுவை மருத்துவரும் கவனிக்கின்றனர். புண் ஆறியபின் எத்தகைய செருப்பு அணிய வேண்டும் என்று சொல்லும் பொறுப்போ பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை. இந்தப் பொறுப்புகளில் பலவற்றை ஒரே பயிற்சிக்குள் கொண்டுவருவது, அமெரிக்காவில் உள்ள பாத மருத்துவம், அறுவை ஆகியவற்றுக்கான மருத்துவமனை உறைவிடப் பயிற்சியாகும்.

உறைவிடப் பயிற்சி என்பது, பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவர் மருத்துவமனையிலேயே ஆண்டுக்கணக்கில் பணியாற்றி, மூத்தவர்களின் மேற்பார்வையில் படிப்படியாகக் கூடுதல் பொறுப்பை ஏற்றுத் தேர்ச்சி அடையும் முறை. 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டட் அறுவைத் துறைக்கு இதை ஒழுங்குபடுத்தினார். இந்தியாவில் எம்.எஸ்., எம்.டி. படிக்கும் ‘பி.ஜி.’ மருத்துவர்கள் வார்டிலும் அறுவை அரங்கிலும் கழிக்கும் மூன்று ஆண்டுகளும் இதே மரபைச் சேர்ந்தவைதாம்.

அமெரிக்காவில் பாத மருத்துவர், எம்.பி.பி.எஸ். போன்ற பொது மருத்துவப் படிப்பின் வழியாக வருபவர் அல்லர். பாத மருத்துவத்துக்கென்றே அமைந்த கல்லூரியில் நான்கு ஆண்டுகள் பயின்று டி.பி.எம். என்னும் பட்டம் பெறுகிறார். அதன்பின் பெற வேண்டிய மருத்துவமனைப் பயிற்சி முன்பு பல பெயர்களிலும் பல கால அளவுகளிலும் சிதறிக் கிடந்தது. பாத மருத்துவக் கல்விக்கான அங்கீகாரக் குழு 2011ஆம் ஆண்டு அவற்றையெல்லாம் குறைந்தது 36 மாதங்கள் கொண்ட ஒரே பயிற்சியாக இணைத்தது. பயிற்சி மருத்துவர் பொதுமருத்துவம், தொற்றுநோயியல், அவசர சிகிச்சை, மயக்கவியல், இரத்தக்குழாய் அறுவை, எலும்பியல், படமெடுப்பு முதலிய பிரிவுகளில் சுழற்சி முறையில் பணியாற்றுகிறார். தாம் கண்ட ஒவ்வொரு நோயாளியையும் பங்கேற்ற ஒவ்வொரு அறுவையையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பதும், அந்தப் பதிவுகள் வரையறுத்த எண்ணிக்கையை எட்டினால்தான் பயிற்சி நிறைவடையும் என்பதும் விதி. பின்பாதத்தையும் கணுக்காலையும் சீரமைக்கும் கடினமான அறுவைகளில் போதிய தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தனிச் சான்றும் உண்டு.

இத்தனை ஆண்டுகள் ஏன் தேவை என்பதைப் பாதத்தைச் சோதிக்கும் முறைகளே காட்டுகின்றன. உணர்வு இருக்கிறதா என்று அறிய, 10 கிராம் விசைக்கு வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்திப் பார்க்கின்றனர். அந்த அழுத்தத்தை உணராத காலுக்குப் புண் வரும் அபாயம் அதிகம். இரத்த ஓட்டத்தை மதிப்பிட, கணுக்காலில் உள்ள இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்கின்றனர், விடை 0.9க்குக் கீழே இருந்தால் குழாயில் அடைப்பு உண்டு என்று கொள்ளலாம். ஆனால் நீண்டகாலச் சர்க்கரை நோயில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுவதால், அடைப்பு இருந்தும் விடை இயல்பாகவோ அதற்கு மேலாகவோ வரக்கூடும். எண்ணை மட்டும் நம்பாமல் கால்விரலின் அழுத்தத்தையும் அளந்து, தோலின் நிறத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வார்டில்தான் வரும். கிருமி நீக்கிய மழுங்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் செலுத்தும்போது கடினமான எலும்பு தட்டுப்பட்டால், தொற்று எலும்பை எட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தொடுகையை அடையாளம் காணப் பலமுறை செய்து பழகிய கை வேண்டும்.

இவற்றைவிட எளிதில் தவறவிடப்படுவது சார்க்கோ பாதம். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் சார்க்கோவின் பெயரைத் தாங்கிய இந்த நிலையில், உணர்விழந்த பாதத்தின் எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கத் தொடங்க, கால் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. புண் எதுவும் இல்லாமலும் வரும் இந்த வீக்கத்தைச் சீழ்த் தொற்று என்றோ வாதநோய் என்றோ எண்ணி மருந்து கொடுத்து நடக்கவிட்டால், பாதத்தின் வளைவு சரிந்து அடிப்பகுதி புடைத்து, அந்தப் புடைப்பின்மேல் புண் விழுகிறது. உடனே கண்டுபிடித்து மாவுக்கட்டுப் போட்டுப் பாரம் ஊன்றாமல் காத்தால், பாதத்தின் வடிவத்தைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. அறுவையிலும் இத்தகைய நுட்பமான முடிவுகள் உண்டு. அழுகிய விரலை மட்டும் எடுப்பதா, முன்பாதம் வரை எடுப்பதா, முழங்காலுக்குக் கீழே எடுப்பதா என்ற முடிவைப் பொறுத்தே நோயாளி இனிச் சொந்தக் காலில் நடப்பாரா, செயற்கைக் காலில் நடப்பாரா என்பது அமைகிறது. குதிகால் தசைநாண் இறுகியிருந்தால் நடக்கும்போது முன்பாதத்தில் அழுத்தம் கூடும் என்பதால், அந்த நாணைச் சற்று நீளமாக்கும் சிறிய அறுவை மீண்டும் புண் வருவதைக் குறைக்கிறது. மருந்து, கத்தி, நடையின் இயக்கவியல் ஆகிய மூன்றையும் ஒருவரே அறிந்திருந்தால்தான் இம்முடிவுகள் சரியான நேரத்தில் எடுக்கப்படும்.

பாதத்தைக் காக்கும் இந்த அறிவின் முக்கியப் பகுதி தமிழ் மண்ணிலும் அதன் அண்டை நாட்டிலும் தொழுநோய் மருத்துவத்தின் வழியாகவே உருவானது என்பது பரவலாக அறியப்படாத செய்தி. தொழுநோயும் பாதத்தின் உணர்வை அழிப்பதால் உள்ளங்காலில் அதே வகைக் குழிப்புண்ணை உண்டாக்குகிறது. 1930களில் கொழும்பின் அறுவை மருத்துவர் மில்ராய் பால், இத்தகைய புண் உள்ள காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, அந்தக் கட்டோடேயே நோயாளியை நடக்கவிடும் முறையைக் கையாண்டார்; உள்ளங்கால் முழுவதையும் ஒட்டியிருக்கும் கட்டு, ஓரிடத்தில் குவியும் அழுத்தத்தைப் பாதம் முழுவதற்கும் கெண்டைக்கால் பக்கச் சுவர்களுக்கும் பகிர்ந்தளிப்பதால் புண் ஆறுகிறது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாக உதிர்வதில்லை, உணர்வில்லாத உறுப்பு மீண்டும் மீண்டும் காயப்படுவதால்தான் அழிகின்றன என்பதை நிறுவினார். வேலூரிலும், அதை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மையத்திலும் நடந்த பணிகள், நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பைப் பரவலாக்கின. 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அந்த மாவுக்கட்டு முறையைச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்படுத்த வழிகாட்டினார். இன்று அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்கள் கற்கும் சிகிச்சைகளில் அதுவும் ஒன்று.

தமிழ்நாட்டில் சர்க்கரை நோய்க்கான மருத்துவமும் வடசென்னையிலேயே வேரூன்றியது. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய பேராசிரியர் எம். விசுவநாதன் 1954இல் இராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனை, 1971 முதல் சர்க்கரை நோய்க்கு மட்டுமேயான மருத்துவமனையாக மாறி, நீரிழிவுப் பாதத்துக்கான சிகிச்சையிலும் காலணி ஆய்விலும் பெயர் பெற்றது. தேவையின் அளவையோ, சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துடன் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு காட்டுகிறது: அதன் மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயுடன் வாழ்கின்றனர்.

அறிவும் நோயாளிகளும் மருத்துவமனைகளும் இருந்தும், பாதத்துக்கென்று முழுமையான அரசு அங்கீகாரப் பயிற்சித் தொடர் இங்கே வேரூன்றவில்லை. எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்தபின் சில மருத்துவமனைகள் தரும் குறுகியகாலப் பயிற்சியில் சேர்வதே விருப்பமுள்ளவருக்குப் பெரும்பாலும் உள்ள வழி. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பாத மருத்துவப் பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆயினும் பட்டியலில் இடம்பெற்ற ஒரு தொழில், கல்லூரியும் ஆசிரியரும் பணியிடமும் அமைந்தபின்னரே நோயாளிக்குப் பயன்படும்.

உறுப்பொன்றுக்கு இவ்வாறு தனித்துறை அமைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. எந்திரங்களில் சிக்கிச் சிதைந்த கைகளோடு தொழிலாளர்கள் வந்து சேர்ந்த வடசென்னையில், அதே ஸ்டான்லி மருத்துவமனையில், மருத்துவர் ஆர். வெங்கடசாமியின் முயற்சியால் கை அறுவைக்கெனத் தனித்துறை 1970களில் வளர்ந்து, பின்னர் எம்.சிஎச். என்னும் உயர் சிறப்புப் பட்டம் வழங்கும் நிலையை எட்டியது. கைக்குக் கிடைத்த இந்த அங்கீகாரம் காலுக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணத்தை ஊகிப்பது கடினமன்று: எந்திரத்தில் நசுங்கிய கை ஒரே நாளில் கண்முன் நிகழும் விபத்து, சர்க்கரைப் புண்ணால் போகும் காலோ பல ஆண்டுகளாக, பல துறைகளின் வாசலில், யாருக்கும் முழுப் பொறுப்பில்லாமல் மெல்ல மெல்லப் போகிறது.

அமெரிக்க முறையை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க இயலாது; டி.பி.எம். போன்ற தனிப்பட்டம் இல்லாத நாட்டில், ஏற்கெனவே உள்ள முதுநிலைப் படிப்புகளின் மேல்தான் பாதப் பயிற்சியைக் கட்ட வேண்டும். அதற்கான சட்டகமும் ஓரளவு இருக்கிறது. முதுநிலை மருத்துவ மாணவர்கள் 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி உள்ளது. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வீடு தேடிச் சென்று சர்க்கரைக்கு மருந்து வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதலும், கால் இழப்பைத் தடுக்கும் நோக்குடைய ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் அதற்குப் பின்னும் நடைமுறைக்கு வந்துள்ளன. பொது அறுவை, எலும்பியல், பொதுமருத்துவம் ஆகிய மூன்று துறைகளின் பயிற்சி மருத்துவர்களும் ஒரே பாத சிகிச்சைப் பிரிவில் குறிப்பிட்ட வாரங்கள் சேர்ந்து பணியாற்றி, பார்த்த புண்களையும் காத்த கால்களையும் பதிவேட்டில் எழுதி வந்தால், உறைவிடப் பயிற்சியின் உயிர்ப்பண்பு பெருஞ்செலவின்றியே கிடைத்துவிடும். மீஞ்சூர், பொன்னேரி போன்ற ஊர்களின் அரசு மருத்துவ நிலையங்களில் செவிலியர் நைலான் இழையால் கால்களைச் சோதித்து, அபாயம் உள்ளவரை அந்தப் பிரிவுக்கு நேரே அனுப்பும் ஏற்பாடு அதன் மறுபாதி. கை அறுவைத் துறையைத் தன் தேவையிலிருந்தே உருவாக்கிக்கொண்ட வடசென்னைத் தொழிற்பகுதிக்குப் பாதத்துறை ஒன்றைக் கேட்கும் உரிமையும், அதற்கு வேண்டிய நோயாளிகளும், முன்மாதிரியும் ஏற்கெனவே உள்ளன. எஞ்சியிருப்பது, பாதத்தின் முழுப் பொறுப்பையும் ஒரு துறையின் பெயரில் எழுதித் தரும் நிர்வாக முடிவு மட்டுமே.