'நானா': ஒரு பென்ஷன் பேப்பரில் இருந்த நாலு எழுத்து

இந்த வாரம் யு.பி.ஐ. உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு பேசறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகுது. நடுவுல எங்க பெரியப்பா வந்துட்டார்.

பெரியப்பா ஆர்மியில 22 வருஷம் இருந்தவர். 1983-ல சேர்ந்து 2005-ல ஹவில்தாரா வெளியே வந்தார். வேலூர் பக்கம் எங்க ஊர்ல இது பெரிய விஷயமே இல்ல, தெருவுக்கு நாலு பேர் மிலிட்டரிதான். பொங்கலுக்குப் போயிருந்தப்போ போனை என் கையில கொடுத்து, "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இந்த ஸ்பர்ஷுக்குள்ள போகவே மாட்டேங்குது, என்னன்னு பாரு"ன்னார். ஸ்பர்ஷ்ங்கறது ராணுவ பென்ஷனுக்கான ஆன்லைன் போர்ட்டல். வருஷத்துக்கு ஒரு தடவை 'உயிரோட இருக்கேன்'னு சான்று கொடுக்கறதும் இப்போ அதுலதான். ஓ.டி.பி. ஏதோ பழைய நம்பருக்குப் போய்க்கிட்டிருந்தது. அதை மாத்தறதுக்குப் பழைய பேப்பர் வேணும்னு பரண்ல இருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம்.

அதுல ரிட்டயர் ஆகும்போது நடந்த மெடிக்கல் போர்டு ரிப்போர்ட் கிடைச்சது. நோய்: ரத்த அழுத்தம். குறைபாடு 30 சதவீதம், வாழ்நாள் முழுக்க. அதுக்குக் கீழே ரெண்டு கேள்வி. இந்த நோய் பணியால வந்ததா? இல்லை. பணியால அதிகமாச்சா? இல்லை.

"பெரியப்பா, இதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

"அதான் நானா போட்டுட்டாங்களே."

எனக்குப் புரியல. அவர் யாரையோ கேள்வி கேக்கறார்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அது இங்கிலீஷ் சுருக்கம். என்.ஏ.என்.ஏ. 'பணியால வந்ததும் இல்ல, பணியால அதிகமானதும் இல்ல'ங்கறதோட முதலெழுத்துகள். ராணுவ பென்ஷன் வழக்குகள்ல புழங்கற சொல். முன்னாள் ராணுவத்தினர்கிட்ட 'நானா'ன்னா போதும், கதை முடிஞ்சதுன்னு அர்த்தம். எந்த ஆஸ்பத்திரி, எந்த போர்டுன்னு நான் சொல்லப் போறதில்ல. அந்த நாலு எழுத்துக்குப் பின்னாடி என்ன லாஜிக் ஓடுதுன்னு பாக்கறதுதான் இந்த எபிசோடு.

முதல்ல ஒரு வித்தியாசம். நம்மள மாதிரி சிவிலியன் யாருக்காவது மாற்றுத்திறன் வந்தா, அரசு பெரும்பாலும் கேக்கறது 'எவ்வளவு?'ங்கற கேள்வி. 2016 சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, பல சலுகைகளுக்கு 40 சதவீதம் எல்லைக்கோடு. எப்படி வந்ததுன்னு அந்தச் சான்றிதழுக்குக் கவலை இல்ல. மாடியில இருந்து விழுந்தீங்களா, பிறவியிலேயா, எதுவா இருந்தாலும் 40-ன்னா 40. ராணுவ டிஸெபிலிட்டி பென்ஷன்ல ரெண்டு கேள்வி. எவ்வளவு, ஏன். ரெண்டாவதுல ஃபெயிலானா முதல் கேள்விக்கு மதிப்பே கிடையாது.

போர்ல குண்டடி பட்டவருக்கு 'ஏன்' ஒரு பிரச்சினை இல்ல. அதுக்கு வார் இஞ்சுரி பென்ஷன்னு தனி வகை, தொகையும் அதிகம். சிக்கல் எல்லாம் நோய்லதான். வலிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சிதைவு. குண்டுக்கு முகவரி உண்டு, நோய்க்குக் கிடையாது. சியாச்சின்ல ஒருத்தருக்கு வலிப்பு வந்தா, அது பனியால வந்ததா, அவர் உடம்பிலேயே இருந்ததான்னு யாராலயும் நூறு சதவீதம் சொல்ல முடியாது.

தெரியலன்னா என்ன பண்றது? நம்ம பாஷையில சொன்னா, டிஃபால்ட் வேல்யூ என்ன? ஃபீல்டு காலியா இருந்தா அது 'ஆமாம்'னு போகுமா, 'இல்லை'ன்னு போகுமா? இந்த மொத்த சண்டையும் அந்த ஒரு வரியைப் பத்திதான்.

இதுல எல்லாரும் மேற்கோள் காட்டற வழக்கு தரம்வீர் சிங் வழக்கு. 1985 ஜூன்ல சிக்னல்ஸ் படைப்பிரிவுல சிப்பாயா சேர்ந்தவர். 1994 ஏப்ரல்ல வலிப்பு நோய்னு வெளியே அனுப்பிட்டாங்க, 20 சதவீதம் குறைபாடு. 'இது அவரோட உடல்வாகு சார்ந்த நோய், பணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல'ன்னு போர்டு எழுதிடுச்சு. பென்ஷன் கிடையாது. இமாச்சல் ஹைகோர்ட்ல ஒரு நீதிபதி 2004-ல அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார். 2009-ல ரெண்டு நீதிபதி அமர்வு அதை மாத்திடுச்சு. 2013 ஜூலை 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அவருக்குப் பென்ஷன் குடுக்கச் சொன்னது. வேலையை விட்டு 19 வருஷம் கழிச்சு.

கோர்ட் புதுசா எதையும் கண்டுபிடிக்கல, அதுதான் எனக்குப் பிடிச்சது. 1982-லயே போட்ட விதிகளை எடுத்துப் படிச்சாங்க, அவ்வளவுதான். சேரும்போது உடம்பை முழுசா சோதிச்சுத்தான் எடுக்கறீங்க. அப்போ நோய் இருந்ததா குறிப்பு எதுவும் எழுதல. அப்படின்னா அவர் நல்ல உடம்போடதான் உள்ளே வந்தார்னு வெச்சுக்கணும். அப்புறம் உடம்பு கெட்டா, பணியாலதான் கெட்டதுன்னு வெச்சுக்கணும். இல்லன்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும். சந்தேகம் வந்தா பலன் சிப்பாய்க்கு. 'ஆரம்பத்துல கண்டுபிடிச்சிருக்க முடியாத நோய் இது'ன்னு டாக்டர்கள் சொல்லலாம், ஆனா காரணம் எழுதணும். வெறுமனே 'உடல்வாகு'ன்னு ஒரு வார்த்தை போட்டா பத்தாது. 2025 மே மாசம் மனச்சிதைவுன்னு வெளியேத்தப்பட்ட இன்னொருத்தர் வழக்குலயும் இதே அடி: காரணம் சொல்லாத போர்டு கருத்தை வெச்சுப் பென்ஷனை மறுக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது.

ஆக, விதிப்படி டிஃபால்ட் 'ஆமாம்'. நடைமுறையில ஃபார்ம் நிரப்பறவங்க கையில அது 'இல்லை'யா மாறியிருந்தது. டாக்குமென்டேஷன் ஒண்ணு, புரொடக்‌ஷன்ல ஓடற கோடு வேற. இதை நம்மள்ல யாரும் பாக்காததா என்ன.

சரி, பணத்துக்கு வருவோம். டிஸெபிலிட்டி பென்ஷன்ல ரெண்டு பகுதி. ஒண்ணு சர்வீஸ் எலிமென்ட், செய்த வேலைக்கானது. இன்னொண்ணு டிஸெபிலிட்டி எலிமென்ட், குறைபாட்டுக்கானது. 100 சதவீதம் குறைபாடுன்னா கடைசிச் சம்பளத்துல 30 சதவீதம். கணக்குக்கு 40,000 ரூபாய் சம்பளம்னு வெச்சுக்குவோம். 100 சதவீதத்துக்கு 12,000. அப்போ 30 சதவீதத்துக்கு 3,600-தானேன்னு கேப்பீங்க. அங்கதான் ஒரு ரவுண்டிங் ஃபங்ஷன் இருக்கு. 50-க்குக் கீழே எதுவா இருந்தாலும் 50-ஆ எடுத்துக்கணும். 50-ல இருந்து 75 வரைக்கும் 75. 76-ல இருந்து 100. அதனால 30 சதவீதக்காரருக்கு 3,600 இல்ல, 6,000. அதுக்கு மேல அகவிலை நிவாரணமும் உண்டு.

ஏன் ரவுண்டிங்? ஒரு டாக்டர் 30 போடுவார், இன்னொருத்தர் 40 போடுவார். அந்த இழுபறியை ஒழிக்கத்தான். 2001 ஜனவரி 31 தேதியிட்ட அரசுக் கடிதம் இதை நடுவுலயே வெளியே அனுப்பப்பட்டவங்களுக்கு மட்டும் கொடுத்தது. காலம் முடிச்சு ரிட்டயர் ஆனவருக்கு இல்ல. அதே நோய், அதே சதவீதம், ஆனா இவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு முழு சர்வீஸையும் முடிச்சதால கம்மிப் பணம்! 2014 டிசம்பர்ல ராம் அவதார் வழக்குல சுப்ரீம் கோர்ட் அந்த வேலியை எடுத்துடுச்சு. பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

கீழ்ப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கு. எல்லைக்கோடு 20 சதவீதம். 20 போட்டா 50-ஆ உயரும், 19 போட்டா பூஜ்யம். ஒரே ஒரு எண்ல 6,000 ரூபாய் வித்தியாசம், மாசா மாசம், சாகற வரைக்கும். இப்படி ஒரு கண்டிஷன் எழுதினா என் டீம் லீட் ரிவ்யூலயே திருப்பி அனுப்பிடுவார். இதுக்கும் கோர்ட்தான் மருந்து போட்டது. 'வேலைக்கே லாயக்கில்லன்னு வெளியே அனுப்பற அளவுக்கு நோய் இருக்கு, ஆனா 20 சதவீதம்கூட இல்லங்கறது எப்படி?'ங்கறது 2014 சுக்விந்தர் சிங் தீர்ப்போட சாரம். சியாச்சின்னு சொன்னேன் இல்லையா, அதுவும் நிஜ வழக்குதான். பிஜேந்தர் சிங்னு ஒரு சிப்பாய், அங்க பணியில இருந்தப்போ வலிப்பு, 1989-ல வெளியே அனுப்பப்பட்டார், 20-க்குக் கீழேன்னு போட்டிருந்தாங்க. 2025 ஏப்ரல்ல அவருக்கு 50 சதவீதக் கணக்குல குடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 1989, 2025. நான் பிறக்கறதுக்கு முன்னாடி அவர் வீட்டுக்கு வந்துட்டார்.

எதிர்வாதமும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயமில்ல. பி.பி., சுகர் எல்லாம் ஐ.டி. ஆஃபீஸ்ல உக்காந்திருக்கற நமக்கும்தான் வருது. வாழ்க்கைமுறை நோய்க்கெல்லாம் பென்ஷன் குடுத்தா, கை கால் இழந்தவங்களுக்கான திட்டம் நீர்த்துப் போகும்ங்கறது அரசுத் தரப்பு வாதம். 2008-ல விதிகளை மாத்தினாங்க. பணிக்காலத்துல நோய் தெரிய வந்துச்சுங்கறதாலேயே அது பணியால வந்ததா ஆகிடாதுன்னு எழுதினாங்க. 2023 செப்டம்பர்ல மறுபடி புது விதிகள். அதாவது டிஃபால்ட் வேல்யூவைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தறாங்க. என் கருத்து: இந்த வாதத்துல உண்மை இருக்கு, ஆனா அதுக்குப் பதில் போர்டு ஒழுங்கா காரணம் எழுதறதுதான். எந்த வருஷம், எந்த உயரத்துல, எந்த மாதிரி பணியில நோய் முதல்ல தெரிஞ்சது? ரத்த அழுத்தத்துக்கு அதுதான் முக்கியமான தகவல். பெரியப்பா ரிப்போர்ட்ல 'முதல்ல தெரிஞ்ச இடம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல 'லே, 1997'னு இருக்கு. கடல் மட்டத்துல இருந்து சுமார் 3,500 மீட்டர். அதே பக்கத்துல, ரெண்டு கட்டம் தள்ளி, 'சம்பந்தமில்லை'.

சட்டம் இப்படி இருக்கும்போது ஏன் எல்லாரும் கேக்கறதில்ல? மொதல்ல துறைக்குள்ளயே அப்பீல். அது நடக்கலன்னா ஆயுதப்படைத் தீர்ப்பாயம், 2007 சட்டப்படி வந்தது, சென்னையிலயும் ஒரு அமர்வு இருக்கு. ஒரு நீதித்துறை உறுப்பினரும், முப்படையில உயர் பதவி வகிச்ச ஒரு உறுப்பினரும் உக்காருவாங்க. லேட்டா போனாலும் கதவு முழுசா மூடாது, ஆனா பாக்கித் தொகை சுருங்கும். தர்சேம் சிங்னு ஒருத்தர் 1983-ல வெளியே வந்து 1999-லதான் கோர்ட்டுக்குப் போனார். 2008-ல சுப்ரீம் கோர்ட், மாசா மாசம் தொடர்ற தப்புங்கறதால உரிமை உண்டு, ஆனா பழைய பாக்கி மனு போட்டதுக்கு முந்தைய மூணு வருஷத்துக்குத்தான்னு சொல்லிடுச்சு. எல்லா வழக்குலயும் இதையே பிடிச்சுக்கல, ஆனா நிறைய வழக்குல இதுதான் அளவுகோல். தாத்தா, மாமா யாராவது வீட்ல 'நானா' பேப்பரோட இருந்தா, அதை எப்போ எடுக்கறீங்கங்கறதுக்கு ரூபாய்ல விலை இருக்கு.

சிப்பாய்னே கணக்குல வராதவங்களும் இருக்காங்க. சென்னைக்காரங்க பரங்கிமலை வழியா மெட்ரோவுல போவீங்க, அங்கதான் ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி. பயிற்சியில முதுகெலும்பு உடைஞ்சா அந்த கேடட் இன்னும் அதிகாரி ஆகல, அதனால முன்னாள் ராணுவத்தினர்ங்கற அந்தஸ்து இல்ல, பென்ஷனும் இல்ல, கருணைத் தொகைதான். 1985-ல இருந்து இப்படி சுமார் 500 பேர்னு செய்தி வந்து, 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து விசாரிச்சது. அதுக்கப்புறம்தான் முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்துல அவங்களைச் சேத்தாங்க. நாலு வருஷ அக்னிவீரருக்கும் பென்ஷன் இல்ல. 100, 75, 50 சதவீதத்துக்கு ஒரே தடவையா 44, 25, 15 லட்சம். அங்கயும் அதே 'ஏன்' கேள்வி காத்திருக்கு.

பெரியப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். இ.சி.எச்.எஸ். கார்டு அவர்கிட்ட இருக்கு, வேலூர் பாலிகிளினிக்ல பி.பி. மாத்திரை காசில்லாம வருது. "மாத்திரை குடுக்கறான், பென்ஷன் வருது, அப்புறம் எதுக்குடா கேஸு? உப்பு தின்ன இடம்"னார். நான் ஒண்ணும் பேசல. பெரியம்மாதான் அடுப்படியில இருந்து, "உப்பு தின்னதாலதான பி.பி.யே வந்துச்சு"ன்னாங்க.

ஊருக்குக் கிளம்பற அன்னிக்குக் காலையில பார்த்தா, திண்ணையில உக்காந்து பேரனோட கோடு போட்ட நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டிருந்தார். வருஷம், இடம், யூனிட். 1983-ல இருந்து ஒண்ணு விடாம. 1997 வரைக்கும் வந்திருந்தார். "லே-யில சேர்ந்த மாசம் மட்டும் சரியா ஞாபகம் வரல, ஜூன்னு நெனக்கறேன். வக்கீல் தேதி கேப்பாரா?"ன்னார்.