2 வார சஸ்பெண்ட், 3 நாளில் டிஸ்மிஸ்: அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் கோச்சை வீட்டுக்கு அனுப்பிய மாணவர் பத்திரிகை

ஒரு பல்கலைக்கழகம் ஆறு மாதம் விசாரித்து ஒரு கோச்சுக்குக் கொடுத்த தண்டனை, சம்பளம் இல்லாத இரண்டு வார சஸ்பெண்ட். அதே பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் பத்திரிகையில் ஒரு செய்தி வந்த பிறகு அதே கோச்சுக்குக் கிடைத்தது பதவி நீக்கம். இரண்டுக்கும் இடையில் மூன்றே நாள்.

2023 ஜூலையில், சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் நகரில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த கதை இது. அந்த மூன்று நாளில் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக என்ன தெரிந்தது? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

காலேஜ் டீம்தானே, இவ்வளவு பெரிய விஷயமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். இது நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே காலேஜ் அளவிலேயே இது மிகப் பெரிய வியாபாரம். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நார்த்வெஸ்டர்ன் இடம்பெற்றுள்ள 'பிக் டென்' கூட்டமைப்பு, 2022-ல் டிவி நிறுவனங்களோடு ஏழு ஆண்டுகளுக்குப் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே அதிகம் வாங்குபவர் கவர்னர் இல்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் கோச்தான்.

அதனால் அங்கே கோச் என்பவர் வெறும் பயிற்சியாளர் இல்லை. நன்கொடை தரும் பழைய மாணவர்களுக்கு அவர்தான் ஹீரோ. ஊருக்கு அவர்தான் முகம். யார் களத்தில் இறங்குவது, யார் பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்பவரும் அவர்தான். 18, 19 வயதுப் பையன் ஒருவன் டீமுக்குள் தனக்கு நடந்த கொடுமையை வெளியே சொல்ல வேண்டும் என்றால், இத்தனையையும் எதிர்த்து நிற்க வேண்டும்.

நார்த்வெஸ்டர்னில் என்ன நடந்தது?

கோச்சின் பெயர் பேட் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1990-களில் அதே டீமில் ஆடிய நட்சத்திரம். 2006 முதல் தலைமை கோச். 2021-ல் ஒப்பந்தம் 2030 வரை நீட்டிக்கப்பட்டது. அவ்வளவு செல்வாக்கு.

2022 நவம்பர் கடைசியில் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் இல்லாத ஒரு மின்னஞ்சல் வந்தது. ஃபுட்பால் டீமில் 'ஹேசிங்' நடக்கிறது என்று புகார். ஹேசிங் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் ராகிங்தான். பல்கலைக்கழகம் மேகி ஹிக்கி என்ற வழக்கறிஞரை விசாரிக்கச் சொன்னது. 50 பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள்.

2023 ஜூலை 7, வெள்ளிக்கிழமை. விசாரணை முடிவின் சுருக்கம் மட்டும் வெளியானது. ஹேசிங் நடந்ததற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் கோச்சுகளுக்கு அது தெரியும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை, தெரிந்துகொள்ள அவர்களுக்கு வாய்ப்புகள் இருந்தன. இவ்வளவுதான் அதன் சாரம். டீமுக்குள் என்ன நடந்தது, யாருக்கு நடந்தது, எப்படி நடந்தது? சுருக்கத்தைப் படித்தவர்களுக்கு எதுவும் புரிந்திருக்காது. முழு அறிக்கை வெளியிடப்படவில்லை. கோடை விடுமுறை வேறு. விஷயம் அதோடு அமுங்கியிருக்க வேண்டியது.

மறுநாள் சனிக்கிழமை, 'தி டெய்லி நார்த்வெஸ்டர்ன்' செய்தி வெளியிட்டது. புகார் கொடுத்த முன்னாள் வீரரே பெயர் சொல்லாமல் பேசியிருந்தார். ஆட்டத்தில் தப்பு செய்யும் ஜூனியர்களை, முகமூடி போட்ட சீனியர்கள் எட்டு, பத்து பேர் சேர்ந்து இருட்டறையில் பிடித்துவைத்து, பாலியல் ரீதியாக அவமானப்படுத்துவார்கள் என்றார் அவர். அதற்கு டீமில் ஒரு பெயரும் இருந்ததாம். இன்னொரு வீரர் சில விவரங்களை உறுதி செய்தார். லாக்கர் அறை வெள்ளைப் பலகையில் எழுதியிருந்தவற்றின் படங்களையும் நிருபர்கள் பார்த்திருந்தார்கள். கோச்சுக்கு இது தெரிந்திருக்கலாம் என்றும் அந்த வீரர் சொன்னார். தனக்கு எதுவும் தெரியாது என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் தொடர்ந்து மறுத்துவந்தார்.

அன்று இரவே இரண்டு கடிதங்கள். 'மொத்த டீம்' என்ற பெயரில் வந்த ஒன்று, குற்றச்சாட்டுகள் மிகைப்படுத்தப்பட்டவை, கோச்சுக்குச் சம்பந்தம் இல்லை என்றது. இன்னொன்று பல்கலைக்கழகத் தலைவர் மைக்கேல் ஷில் எழுதியது. தண்டனையை முடிவு செய்ததில் தான் தவறியிருக்கலாம் என்றும், கோச்சுக்கு என்ன தெரியாது என்பதையே பார்த்துவிட்டு, என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் போதுமான அளவு பார்க்கவில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை, ஜூலை 10. டெய்லியில் இன்னொரு செய்தி வந்தது, இந்த முறை டீமுக்குள் இனவெறி என்று. அன்றே ஃபிட்ஸ்ஜெரால்ட் நீக்கப்பட்டார். அந்த அறிவிப்பில்தான் ஷில் முக்கியமான ஒரு விவரத்தைச் சொன்னார். ஹேசிங் நடந்ததை இந்நாள், முன்னாள் வீரர்கள் 11 பேர் விசாரணையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கவனியுங்கள். அந்த 11 பேரின் வாக்குமூலம் வெள்ளிக்கிழமையே பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் மாறிய பெரிய விஷயம் ஒன்றுதான். உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது ஊருக்கும் தெரிந்துவிட்டது.

மாணவர் பத்திரிகையால் எப்படி முடிந்தது?

டெய்லி நார்த்வெஸ்டர்ன் 1881-ல் தொடங்கியது. பெயரில் பல்கலைக்கழகம் இருந்தாலும் நிர்வாகம் பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை. தனி வெளியீட்டு நிறுவனம் ஒன்று நடத்துகிறது. செய்தியை யாருக்கும் காட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஆவணம் கேட்டு வாங்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரி அங்கும் தகவல் உரிமைச் சட்டங்கள் உண்டு. ஆனால் நார்த்வெஸ்டர்ன் தனியார் பல்கலைக்கழகம். இல்லினாய் மாநிலச் சட்டம் அதைத் தொடாது. ஆக, மனிதர்களைத் தேடிப் போய்ப் பேசவைப்பதைத் தவிர நிருபர்களுக்குப் பெரிதாக வேறு வழி இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்போர்ட்ஸ் நிருபர்களுக்கு டீமின் தயவு வேண்டும். பயிற்சியைப் பார்க்க, வீரரிடம் பேச, பேட்டி எடுக்க, எல்லாவற்றுக்கும் டீமின் பிஆர் அலுவலகம் கதவைத் திறக்க வேண்டும். தினமும் அதே கதவைத் தட்டுகிறவர் உள்ளே நடப்பதைக் கிளறுவது லேசில்லை. இந்த மாதிரிச் செய்திகளில் சில வேறு பக்கத்திலிருந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. அதற்குச் சரியான உதாரணம் பென் ஸ்டேட்.

ஏழு மாதம் யாரும் கண்டுகொள்ளாத செய்தி

பென்சில்வேனியாவில் உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் உதவி கோச் ஜெர்ரி சாண்டஸ்கி. ஏழைச் சிறுவர்களுக்கு உதவ என்று ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, அதன் வழியே பழகிய சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். 2001-ல் பல்கலைக்கழகக் குளியலறையில் நடந்ததைப் பார்த்த ஒருவர் தலைமை கோச் ஜோ பெடர்னோவிடம் சொன்னார். விஷயம் மேலதிகாரிகள் வரை போனது. போலீசுக்கு மட்டும் போகவில்லை.

2011 மார்ச் 31 அன்று, 'தி பேட்ரியட் நியூஸ்' என்ற உள்ளூர் நாளிதழில் சாரா கானிம் எழுதினார்: சாண்டஸ்கி மீது கிராண்ட் ஜூரி விசாரணை நடக்கிறது. அப்போது அவருக்கு வயது 23. அவர் ஸ்போர்ட்ஸ் நிருபர் இல்லை, கிரைம் நிருபர். பெரிய ஊடகங்கள் அந்தச் செய்தியை அநேகமாகத் தொடவே இல்லை. நவம்பரில் சாண்டஸ்கி மீது குற்றம் சுமத்தப்பட்டபோதுதான் நாடே திரும்பிப் பார்த்தது.

நான்கு நாளில் பெடர்னோ நீக்கப்பட்டார். அன்று இரவு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக என்று நினைத்தால் இல்லை, கோச்சை நீக்கியதற்காக. டிவி சேனல் வேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

2012-ல் சாண்டஸ்கி 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை 30 முதல் 60 ஆண்டு சிறை. பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் உட்பட மூன்று உயரதிகாரிகளும் பின்னாளில் சிறை சென்றார்கள். கானிமுக்கும் அவரது பத்திரிகைக்கும் புலிட்சர் விருது. காலேஜ் விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ, 6 கோடி டாலர் அபராதம் போட்டு, டீமின் 112 வெற்றிகளையும் ரத்து செய்தது. 2015-ல் அந்த 112 வெற்றிகளும் திருப்பித் தரப்பட்டன.

கேமரா முன் ஒரு தபால் உறை

டிவி சேனலும் இதில் சாதித்திருக்கிறது. 1986 நவம்பரில் டல்லாஸ் நகரின் டபிள்யூஎஃப்ஏஏ சேனல், சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் போவதை அம்பலப்படுத்தியது. முன்னாள் வீரர் ஒருவர் கேமரா முன் வந்து, தனக்குப் பணம் தந்தார்கள் என்றார். அவருக்கு வந்த ஒரு தபால் உறையை, சேனலின் ஸ்போர்ட்ஸ் தொகுப்பாளர் டேல் ஹேன்சன், டீமுக்கு ஆள் சேர்க்கும் அதிகாரியிடம் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே நீட்டினார். உறை மேல் இருக்கும் இனிஷியல் உங்களுடையதா? அந்த ஒரு கேள்வியில் அதிகாரி தடுமாறியதை டல்லாஸே பார்த்தது.

1987 பிப்ரவரியில் என்சிஏஏ அந்த டீமின் ஒரு வருட ஆட்டத்தையே ரத்து செய்தது. 'மரண தண்டனை' என்றே அதற்குப் பெயர். அடுத்த வருடமும் டீம் ஆடவில்லை. பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்து, அதற்குள் டெக்சாஸ் கவர்னராகியிருந்த பில் கிளெமென்ட்ஸ், பணம் தருவது தொடரட்டும் என்று சம்மதித்தது தனக்குத் தெரிந்துதான் என்று ஒப்புக்கொண்டார். டீம் எழுந்து நிற்க இருபது வருடம் ஆனது.

இதில் ஒரு வேடிக்கை. அன்று மரண தண்டனை வாங்கித் தந்த குற்றம் இன்று குற்றமே இல்லை. 2021 முதல் வீரர்கள் விளம்பரங்களில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் இப்போது எங்கே?

நீக்கத்தை எதிர்த்து 13 கோடி டாலர் கேட்டு அவர் வழக்குப் போட்டார். 2025 ஆகஸ்ட்டில் சமரசம். எந்த வீரரும் அவரிடம் ஹேசிங் பற்றிப் புகார் சொன்னதாகவோ, அவர் அதை ஆதரித்ததாகவோ ஆதாரங்கள் நிறுவவில்லை என்று பல்கலைக்கழகமே அறிக்கை விட்டது. ஹேசிங் நடந்தது என்பதை மட்டும் அது மறுக்கவில்லை. அதே ஆண்டு கடைசியில், அதே பிக் டென் கூட்டமைப்பில் உள்ள மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமை கோச்சாக எடுத்துக்கொண்டது.

அப்படியானால் மாணவர் பத்திரிகை தப்பு செய்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோச்சுக்குத் தெரியுமா என்பது ஒரு கேள்வி. பையன்களுக்கு என்ன நடந்தது என்பது இன்னொரு கேள்வி. பல்கலைக்கழகத்தின் சுருக்கம் முதல் கேள்வியோடு நின்றுவிட்டது. டெய்லியின் செய்தி இரண்டாவது கேள்விக்கும் பதில் தேடியது. அதன் பிறகுதான் முன்னாள் வீரர்கள் வரிசையாக வழக்குப் போட்டார்கள், விளையாட்டுத் துறை முழுவதையும் ஆராய முன்னாள் அட்டர்னி ஜெனரல் லொரெட்டா லிஞ்ச் நியமிக்கப்பட்டார்.

இனி அறிக்கையை மறைக்க முடியாதா?

2024 டிசம்பரில் அமெரிக்காவில் 'ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங்' சட்டம் வந்தது. ராகிங்கில் மகன்களைப் பறிகொடுத்த பெற்றோர்கள் பல வருடம் போராடிக் கிடைத்த சட்டம் இது. மத்திய அரசின் கல்வி உதவி பெறும் பல்கலைக்கழகங்கள், தனியார் உட்பட, எந்த மாணவர் அமைப்பில் ஹேசிங் நடந்தது, எப்போது, என்ன நடவடிக்கை என்பதை மாணவர்களின் பெயர் இல்லாமல் பொதுவெளியில் வைக்க வேண்டும். விளையாட்டு டீம்களும் இதில் அடக்கம்.

ஆனால் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது, விதிமீறல் நடந்தது என்று பல்கலைக்கழகமே விசாரித்து முடிவு செய்த சம்பவங்கள் மட்டும்தான்.