ஜார்ஜியாவில் 1000 மணி, ஃப்ளோரிடாவில் 220

முகத்தில் நாம் தொட்டுப் பார்க்கும் மேற்பரப்பு முழுக்க இறந்த செல்கள். பதினைந்து, இருபது அடுக்குகள் இருக்கும்; எல்லாம் சேர்ந்தாலும் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். அமெரிக்காவில் சருமப் பராமரிப்புத் தொழிலாளியின் பிழைப்பு பெரும்பாலும் இந்த மெல்லிய படலத்துக்குள்தான். அதற்குக் கீழே போனால் டாக்டரின் வேலை.

அந்த எல்லையைத் தாண்டுவது எளிது. கரும்பில் உள்ள கிளைகாலிக் அமிலத்தை முகத்தில் தடவினால், இறந்த செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிணைப்பு தளர்ந்து அவை உதிர்கின்றன. இங்கே அமிலம் எத்தனை சதவீதம் என்பதோடு அதன் பிஎச் அளவும் முக்கியம். பிஎச் அரைப் புள்ளி குறைந்தாலே அமிலத்தன்மை மூன்று மடங்காகிவிடும். 1998-இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று வரம்பு சொன்னது: வீட்டு உபயோகத்துக்கு 10 சதவீதம் வரை, பிஎச் 3.5-க்குக் குறையாமல், பயிற்சி பெற்றவர் கையில் 30 சதவீதம் வரை, பிஎச் 3-க்குக் குறையாமல், சற்று நேரம் வைத்து நன்றாகக் கழுவிவிட வேண்டும். மீறினால் உயிருள்ள செல்கள் புண்படும். நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோலில் மெலனின் மிகுதியாகச் சுரந்து மாதக்கணக்கில் கருமை தங்கிவிடும். ஆகவே உரிமம் தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் உரிமத்தை மாநிலங்கள் அளப்பது பயிற்சி நேரத்தால். ஃப்ளோரிடா 2020-இல் 220 மணி நேரம் போதும் என்றது. எல்லையை ஒட்டிய ஜார்ஜியாவில் 1000, டெக்சாஸில் 750. தோல் எல்லா ஊரிலும் ஒன்றுதானே! நூலால் புருவம் திருத்துவோரிடமும் டெக்சாஸ் இந்த 750 மணியையே கேட்டது. வெறும் பருத்தி நூல்; அமிலமும் இல்லை, கருவியும் இல்லை. அதை எதிர்த்த வழக்கு 2015-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்த 750-இல் 320 மணி வரை புருவ வேலைக்குச் சம்பந்தமே இல்லாத பாடம் என்று கண்ட நீதிமன்றம், அவர்கள் மீதான அந்த நிபந்தனையை ரத்து செய்தது.

இடம்பெயர்வோருக்கு அரிசோனா 2019-இல் வழி திறந்தது: வேறு மாநிலத்தில் ஓராண்டாவது உரிமம் வைத்திருந்து, புகார் ஏதும் இல்லாமல் குடியேறுபவரை அது ஏற்கிறது. ராணுவத்தினரின் துணைவருக்கு 2023 ஜனவரியில் மத்திய சட்டமே வந்தது. மாநிலங்கள் தமக்குள் செய்துகொள்ளும் அழகுக்கலை உரிம ஒப்பந்தமோ முடி, நகம், தோல் மூன்றும் படித்த முழு உரிமக்காரர்களுக்கு மட்டும். தோலை மட்டும் கற்றவர் அதற்கு வெளியே நிற்கிறார்.